கடிக்கிற ஷூவைக் கடைக்கே கொண்டு போங்கள்

பிள்ளைக்கு வாங்கிய ஷூ சேரவில்லை என்றால் அதை மாற்றிக்கொண்டு வருவதற்கு நம் ஊர்ப் பெற்றோர்கள் ரொம்பவே தயங்குகிறார்கள். "எடுத்தாச்சு, இனி என்ன செய்ய?", "போடப் போடச் சரியாகிரும்", "வளர்ற பிள்ளைதானே" என்று ஆளுக்கொரு சமாதானம். கடைசியில் கஷ்டப்படுவது பிள்ளையின் கால். மதுரையில் ஒரு செருப்புக் கடையில், குழந்தைகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. விற்கிற இடத்திலும் நின்றிருக்கிறேன், வாங்குகிற இடத்திலும் நிற்கிறேன். முறையாகக் கொண்டுவந்து கேட்டவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினோம். எப்போது மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்பது தெரிந்தால் அந்த மறுப்பையும் நீங்கள் தவிர்த்துவிடலாம்.

திருப்பி வருகிற ஜோடியில் கடைக்காரர் முதலில் புரட்டிப் பார்ப்பது அடியைத்தான். அடியில் மண் ஏறியிருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ அதை இன்னொருவருக்குப் புதிது என்று விற்க முடியாது. கம்பெனிக்காரனும் திருப்பி எடுக்கமாட்டான். அதற்குப் பிறகு டேக் இருக்கிறதா, பெட்டி கிழியாமல் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது: பெயர் எழுதுவது.

ஒரு ஜூன் மாதம், கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஓர் அம்மா, இரண்டாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பில் இருந்தது, பெட்டி இருந்தது, அடி கண்ணாடி மாதிரி சுத்தம். பையனின் சுண்டுவிரல் ஓரத்தில் சிவந்து தடித்திருந்தது. நான் அடுத்த சைஸை எடுக்கத் திரும்பிவிட்டேன். முதலாளி ஷூவின் நாக்கை வெளியே இழுத்தார். உள்பக்கம் கறுப்பு மார்க்கரில் பையனின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் அழகாக எழுதியிருந்தது. "பேரை எழுதிட்டீங்களேக்கா, இதை நான் யாருக்கு விப்பேன்?" என்றார். அந்த அம்மாவுக்குப் பதில் வரவில்லை. பள்ளியில் காணாமல் போய்விடக் கூடாதே என்று வாங்கிய அன்றைக்கே எழுதியிருக்கிறார், எல்லா அம்மாக்களும் செய்வதைத்தான் செய்திருக்கிறார். முதலாளி நல்ல மனிதர். அடுத்த சைஸ் ஜோடியைக் கொள்முதல் விலைக்கே கொடுத்து அனுப்பினார். எல்லாக் கடையிலும் அப்படி நடக்காது. அதனால் ஷூ காலுக்குச் சேர்கிறது என்று உறுதியாகும்வரை பெயர் எழுதாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், டேக்கை வெட்டாதீர்கள்.

உறுதிசெய்ய வேண்டியது வீட்டில்தான், வாங்கிய அன்று சாயங்காலமே. சாயங்காலம் என்று சொல்லக் காரணம் உண்டு. நாள் முழுக்க ஓடியாடிய கால் காலையில் இருந்ததைவிடச் சற்று உப்பியிருக்கும். பள்ளிக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டு, ஷூவை மாட்டி, வீட்டுக்குள் சுத்தமான தரையிலோ பாயிலோ அரை மணி நேரம் நடக்கவிடுங்கள். வாசற்படி தாண்டக் கூடாது. பிறகு கழற்றிக் காலைப் பாருங்கள். குதிகாலுக்கு மேலே, சுண்டுவிரல் ஓரத்தில், பெருவிரல் நுனியில் சிவப்புத் தடம் இருந்தால் ஷூ கடிக்கிறது என்று அர்த்தம். சாக்ஸின் தையல் கோடும் லேசாகப் பதியும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"சரியா இருக்கா?" என்று பிள்ளையைக் கேட்டு முடிவெடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். புது ஷூ கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் எந்தப் பிள்ளையும் "சரியா இருக்கு" என்றுதான் சொல்லும். தவிர, சின்ன வயதில் பாதத்தின் எலும்புகள் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது, குருத்தெலும்பும் இருக்கும். இறுக்கமான ஷூவுக்குள்ளும் பாதம் வளைந்து கொடுத்துவிடும், வலி உடனே தெரியாது. ஷூவின் நுனியை அமுக்கிப் பார்ப்பதும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. நாம் அமுக்கும்போது பிள்ளைகள் தம்மையறியாமல் விரலை மடக்கிக்கொள்வார்கள், உள்ளே இடம் இருப்பதுபோல் தோன்றும்.

நான் என் பிள்ளைகளுக்குச் செய்வது வேறு. உள்ளே இருக்கும் இன்சோல் கழற்ற வருகிற மாதிரி இருந்தால் வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் பிள்ளையை நிற்கவைப்பேன். குதிகாலை இன்சோலின் பின்விளிம்போடு சேர்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பாதம் வெளியே வழியக் கூடாது. இன்சோல் ஒட்டியிருந்தால் பழைய காலண்டர் அட்டையில் பாதத்தை வரைந்து வெட்டி, அதை ஷூவுக்குள் விட்டுப் பார்க்கலாம். அட்டை மடங்கினால் ஷூ பத்தவில்லை. பிள்ளை நின்றுகொண்டிருக்கும்போது வரைய வேண்டும். உட்கார்ந்திருந்தால் பாதம் விரியாது. இரண்டு பாதமும் வரைய வேண்டும். ஒன்றுக்கொன்று சற்று நீளம் மாறும், பெரியதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த அட்டையைக் கடைக்குப் போகும்போதே கொண்டு போனால் பாதிப் பிரச்சினை வராது.

கடையில் சொல்கிற இரண்டு வாக்கியங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "போடப் போட லூஸாகும்" என்பது நல்ல தோல் ஷூவுக்கு ஓரளவு உண்மை. பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூவில் பெரும்பகுதி தோலே கிடையாது, செயற்கைப் பொருள். அது காலுக்குத் தக்கபடி இளகாது. முதல் நாள் கடித்தது கடைசி நாள்வரை கடிக்கும். "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடுங்க" என்பது அதற்கு நேர் எதிர். பெரிய ஷூவில் குதிகால் மேலேறி மேலேறி இறங்கும், உரசி உரசிக் கொப்புளம் வரும். ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்களை இறுக்கிக்கொண்டே பிள்ளை நடக்கும், ஓடினால் தடுக்கி விழும். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு சைஸ் தாண்டினால் 17 மில்லிமீட்டர். சின்னக் காலுக்கு அது மிக அதிகம்.

நீளம் சரியாக இருந்தும் அகலம் பத்தாத கால்கள் நம்மிடம் நிறைய. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியர்களின் பாதம் அகலம் என்பது அதில் தெரிந்தது. நாமோ இன்னும் பிரிட்டிஷ் எண்ணில்தான் ஷூ வாங்குகிறோம். அகலப் பாதத்துக்கு அதே மாடலில் அடுத்த சைஸ் கேட்டு வாங்கினால் நீளம்தான் தேவையில்லாமல் கூடும். மாடலையே மாற்றிக் கேளுங்கள். முன்பக்கம் வட்டமாக, பட்டையோ லேஸோ வைத்துத் தளர்த்திக்கொள்ள வசதியாக இருப்பது நல்லது.

மாற்றப் போகும்போது பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஷூவை மட்டும் கொண்டுபோய், "இதுக்கு அடுத்த சைஸ் குடுங்க" என்று வாங்கி வந்தவர்களில் பலர் மறுபடியும் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண நாளில் காலை நேரம் போனால் குடோனில் போய்த் தேடி எடுத்துத் தரக்கூட ஆள் இருக்கும். பள்ளி திறக்கும் வாரத்தில் உங்கள் சைஸே தீர்ந்திருக்கும். மே மாத நடுவிலேயே வாங்கிவிட்டால் மாற்றுவதற்கும் நாள் கிடைக்கும்.

சட்டத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த சைஸ் சேரவில்லை என்பது பொருளின் குறைபாடு ஆகாது. அதை மாற்றித் தருவது கடையின் விதியைப் பொறுத்தது. எனவே பணம் கொடுக்கும் முன்பே, "சேரலைன்னா எத்தனை நாள்ல மாத்தலாம், காசு கிடைக்குமா, வேற பொருள்தானா?" என்று கேட்டு, பில்லில் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். ஆனால் தையல் விட்டது, அடி பிளந்தது, இரண்டு காலும் வேறு வேறு சைஸ் என்றால் கதை வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மறுத்தால் கூப்பிட வேண்டிய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் அளவில் குழந்தைகளின் சைஸ் 13 வரை போய், மறுபடி 1 என்று தொடங்கும். கைக்குழந்தைக்கு 2 என்று நினைத்துப் போட்டால், எட்டு வயதுப் பிள்ளையின் ஷூ வந்து சேரும். எண்ணை நம்பாமல், அளவுப் பட்டியலில் சென்டிமீட்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'ரிட்டர்ன்' உண்டா, 'எக்ஸ்சேஞ்ச்' மட்டும்தானா என்பதையும் ஆர்டர் போடும் முன்பே படியுங்கள். வந்த பெட்டியின் மேலேயே டேப் ஒட்டி அனுப்பினால் திருப்பி எடுக்க வருகிறவர் வாங்க மறுக்கலாம். ஷூ பெட்டியை வெளி உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் செய்து மாற்ற முடியாமல் போனாலும், ஷூ சற்றுப் பெரிதாக இருந்தால் கூடுதலாக ஓர் இன்சோல் போட்டுச் சமாளிக்கலாம். சிறிதாக இருந்தால் ஒரு வழியும் கிடையாது. கொடுத்த காசை நினைத்துப் பிள்ளையின் காலில் அதைத் திணிக்காதீர்கள். புதிதாக இருக்கும்போதே, அந்த அளவுக் கால் உள்ள இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.