பிறர் கோப்பைத் திறப்பவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

குருக்கள்மடத்தில் நீ கொமியூனிகேஷன் ஒன்று திறந்து, போட்டோக்கொப்பி, தட்டச்சு, கணினி திருத்தம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் நடத்தி வருகிறாய் என்ற செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. அம்பிலாந்துறையிலிருந்து பாதைப் படகில் வாவி கடந்து வரும் படுவான்கரைப் பிள்ளைகளும், களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் கொண்டுபோகும் பெரியவர்களும் தத்தம் பென் டிரைவை உன் மேசையில் வைத்து, “இத ஒருக்கா பிரிண்ட் எடுத்துத் தாங்க தம்பி” என்று கேட்பதுதான் உன் நாளாந்தத் தொழில். ஆகையால், கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர் யாவரும் முதலாவதாகச் சொல்லும் ‘அறியாதவர் தந்த கோப்பைத் திறவாதே’ என்ற உபதேசம் உனக்கு ஒருபோதும் உதவாது. அறியாதவர் கோப்பைத் திறப்பதே ஜீவனமாயிருக்கையில், திறந்தும் கெடாதிருக்கும் உபாயம் யாது என்பதே நீ கேட்கவேண்டிய கேள்வி.

ஆவணத்துக்குள் தீநிரல் ஒளிந்து வருவது புதிய விஷயமன்று. 1999 மார்ச்சில் மெலிஸா என்ற வைரஸ், வேர்ட் கோப்பொன்றில் பொதிந்த மேக்ரோ என்ற கட்டளைத் தொடருக்குள் இருந்தபடியே, அதைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலிலிருந்து 50 பேருக்குத் தன்னைத்தானே அஞ்சல் செய்து உலகத்தைக் கலக்கியது. அன்று முதல் மேக்ரோவைச் சந்தேகிக்கப் பலரும் பழகிவிட்டார்கள். 2022இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும், இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களைக் கேட்காமலே தடுக்கத் தொடங்கியது. இதனால் மேக்ரோ இல்லாத கோப்பு பரிசுத்தமானது என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறதே, அதைப் போன்ற அபாயகரமான மயக்கம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

2025 மே மாதத்தில் அக்ரோனிஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, சைட்வைண்டர் என்று பெயர் பெற்ற உளவுக் கூட்டமொன்று நமது இலங்கையின் மத்திய வங்கியையும், பாதுகாப்பு அமைச்சையும், திறைசேரி செயற்பாடுகள், வெளிநாட்டு வளங்கள் ஆகிய திணைக்களங்களையும் குறிவைத்து, உத்தியோகக் கடிதத்தின் சாயலில் வேர்ட் கோப்புகளை அனுப்பியிருந்தது. கோப்பைத் திறந்ததும் அது தூரத்துச் சேவையகம் ஒன்றிலிருந்து ஆர்.ரி.எஃப் கோப்பு ஒன்றைத் தருவித்துக்கொள்ளும். அந்த இரண்டாவது கோப்பே கணினிக்குள் புகும் வேலையைச் செய்யும். குறித்த நாட்டுக்கு வெளியிலிருந்து திறந்து பார்க்கிறவருக்கோ வெற்றுக் கோப்பு ஒன்றே போய்ச் சேரும். ஆதலால் பிறநாட்டுப் பரிசோதகர் கண்ணுக்கு யாதொரு தோஷமும் தென்படாது. இத்தனை தந்திரம் படைத்தவர்கள் பிரயோகித்த ஓட்டைகள் இரண்டும் 2017ஆம் ஆண்டிலேயே அடைக்கப்பட்டவை என்பதுதான் நீ ஆழ்ந்து யோசிக்கவேண்டிய சங்கதி.

அவற்றுள் ஒன்று, கணிதச் சமன்பாடு எழுதுவதற்காக ஒபிஸுடன் சேர்த்து வழங்கப்பட்ட சிறு நிரலில் இருந்தது. 2000 நவம்பரில் உருவாக்கப்பட்ட அந்நிரல், பிற்காலத்துப் பாதுகாப்பு அரண்கள் எவையும் இல்லாமலே 17 ஆண்டுகள் உலகெங்கும் உலவியது. எழுத்துருவின் பெயர் இருக்கவேண்டிய சிறிய இடத்தில் மிதமிஞ்சி நீண்ட பெயரொன்றைத் திணித்தால், அது நிலைகுலைந்து வந்தவன் கட்டளைக்கு அடிபணிந்துவிடும். மேக்ரோ தேவையில்லை, மேக்ரோவுக்கு அனுமதி கேட்கும் மஞ்சள் பட்டையும் தோன்றாது. 2018 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் அதை ஒபிஸிலிருந்து அடியோடு நீக்கிற்று. ஆனால் திருட்டுப் பிரதியாகக் கிடைத்த ஒபிஸ் 2007ஐயோ 2010ஐயோ இன்னமும் ஓட்டுகிற கடைகளில் அந்தப் பழைய நிரல் சௌக்கியமாகவே இருக்கக்கூடும். பாமினியில் அடித்த கோப்புகள் புதிய பதிப்பில் குலைந்துவிடும் என்று பயந்து பழையதை விடாதிருப்போரும் உளர்; அந்தப் பயம் வீண். பாமினி ஓர் எழுத்துரு மாத்திரமே. கணினியில் அதை நிறுவியிருந்தால் எந்தப் பதிப்பிலும் தெரியும். திருட்டுப் பிரதியை இயக்குவதற்காகத் தரப்படும் ‘அக்டிவேட்டர்’, முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லுமே, அதைவிட வெளிப்படையான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்?

இனி, பென் டிரைவின் விஷயம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின்மேல் விண்டோஸ் ஒரு கண்காணா முத்திரையைக் குத்திவைக்கிறது. அந்த முத்திரையைக் கண்டுதான் வேர்ட் அக்கோப்பைக் காப்பு நிலையில் திறந்து, மேக்ரோவையும் தடுக்கிறது. ஆனால் அம்முத்திரை என்ரிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டுகளில் மாத்திரம் நிலைக்கும்; நம் மக்கள் கொண்டுவரும் பென் டிரைவுகள் பெரும்பாலும் எஃப்ஏரி32 போன்ற வேறு முறைகளில் அமைந்தவை என்பதால், கோப்பு அதில் ஏறிய கணமே முத்திரை அழிந்துபோகிறது. மின்னஞ்சலில் வந்திருந்தால் காவலில் நின்றிருக்கவேண்டிய அதே கோப்பு, உன் கைக்கு வரும்போது வீட்டுப் பிள்ளைபோல் உள்ளே நுழைகிறது. பெரிய காரியாலயங்களுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகள் நம் ஊர்க் கடைக்குப் பொருந்தாமற் போகும் இடம் இதுவே.

ஆகவே வாடிக்கையாளர் கோப்புகளுக்கென்று ஒரு கணினியைத் தனியே ஒதுக்கிவிடு, பழையதானாலும் பாதகமில்லை. அதில் உன் வங்கிக் கணக்கோ, கடையின் மின்னஞ்சலோ, பிறர் விண்ணப்பங்களுக்காக நீ வைத்திருக்கும் கடவுச்சொற்களோ இருக்கலாகாது. நிர்வாகி உரிமையில்லாத சாதாரணக் கணக்கில் அதை நடத்து. பணம் கொடுத்து ஒபிஸ் வாங்க இயலாதென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிபரொஒபிஸைப் போட்டு, மேக்ரோப் பாதுகாப்பை மிக உயர்ந்த நிலையில் வை. கோப்பின் முழுப் பெயரும், அதாவது அதன் ஈற்றொட்டும், திரையில் தெரியும்படி விண்டோஸை மாற்றிவிடு. சந்தேகம் தோன்றும் டொக்எக்ஸ் கோப்பைத் திறவாமலே பரிசோதிக்கவும் வழியுண்டு. அதன் பிரதியொன்றை ஸிப் என்று பெயர் மாற்றி விரித்தால், உள்ளே ‘வேர்ட்’ என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் ‘விபிஏபுரொஜெக்ட்’ என்ற கோப்பு கிடந்தால் மேக்ரோ உண்டென்று அறி. தொடர்புகளைக் குறிக்கும் சிறு கோப்புகளில், வார்ப்புருவுக்கென்று எவ்வித நியாயமுமின்றி ஏதோவோர் இணைய முகவரி எழுதப்பட்டிருந்தால், அது சைட்வைண்டர் கையாண்ட வழியேயாகலாம்.

தகவல் திருட்டு மாத்திரமே பயம் என்றும் எண்ணாதே. டெல்லியில் வாழ்ந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரோனா வில்சன், 2016 ஜூன் 13 அன்று, அறிமுகமானவர் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சலை நம்பி, ஆவணமென்று எண்ணி ஒரு கோப்பைத் திறந்தார். அதன்வழி புகுந்த நெட்வயர் என்ற நிரலின் துணையால், பின்னர் அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் சாட்சியமான கடிதங்கள் அவரறியாமல் அவர் மடிக்கணினியில் வைக்கப்பட்டன என்று அமெரிக்க நிறுவனமாகிய அர்செனல் கன்சல்ரிங் 2021 பெப்ரவரியில் அறிவித்தது. அதே வழக்கில் சிறைப்பட்டு 2021 ஜூலை 5 அன்று மரணமடைந்த, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தவரான ஸ்டான் சுவாமி அடிகளின் கணினியைக் குறித்தும் அந்நிறுவனம் அத்தகைய முடிவுக்கே வந்தது. இந்தியத் தேசியப் புலனாய்வு முகமை இவற்றை ஏற்கவில்லை. வழக்கு எவ்வாறு முடிந்தாலும், பிறர் ஆவணங்களைக் காத்துவைக்கும் தொழிலில் இறங்கிய நீ இதை அறிந்திருப்பது அவசியம்.

இன்றிரவு கடையைப் பூட்டுமுன், உன்னிடமுள்ள கணினி ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டின் ஒபிஸ் இருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுது; 2018 ஜனவரிக்குப் பின் புதுப்பிக்கப்படாதது எதுவோ, நாளை காலை அதில் யாருடைய கோப்பையும் திறவாதே.

இங்ஙனம்,
உன் நலம் விரும்பும் மூத்தவன்