காயம் ஆறுவது யார் கட்டளை?

கேள்வி: மரவள்ளிக் காட்டில் மண்வெட்டி காலில் பட்டது. பாட்டி கடுக்காயை அரைத்துப் பூசினார். சதை தானாக வளர்ந்து, மூடியதும் நின்றுவிட்டதே, எப்படி?
– வாசகர், வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: ரத்தம் உறையும்போதே தட்டணுக்கள் பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைக் கொட்டுகின்றன. அக்கம்பக்கத்து நார்ச்செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் அது ஒட்டும். இரண்டிரண்டு ஏற்பிகள் இணையும். அந்தச் சேதி புரதம் புரதமாகக் கைமாறி உட்கருவுக்குப் போனதும் செல் பிளந்து பெருகுகிறது. பிறகு டி.ஜி.எஃப். பீட்டா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியின் முறை: நார்ச்செல்கள் கொலாஜனைச் சுரக்கும், சில தசைபோல் சுருங்கிக் காயத்தின் விளிம்புகளை இழுக்கும். வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடும். மடியாமல் அடம்பிடித்தால் தடித்த தழும்புதான். சர்க்கரைப் புண்ணில் கதை தலைகீழ். அங்கே நொதிகள் வளர்ச்சிக் காரணிகளையே தின்றுவிடுகின்றன. அதற்காகவே பி.டி.ஜி.எஃப். களிம்புக்கு 1997-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடுக்காய் இலைச் சாற்றை எலிகளின் காயத்தில் பூசி, சீக்கிரம் ஆறியதாக 2002-இல் எழுதினார்கள். ஆனால் அது இலை, நோயாளி எலி! அம்மியில் அரைத்த காயோடு கிருமியும் வரும். அதிருக்கட்டும், மண்வெட்டிக் காயம் என்கிறீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டீர்களா?