வெட்டின நரம்பு எங்க போகும்?

இந்த வார எபிசோட்டில் பயோனிக் கைகளைப் பற்றிக் கதைச்சோம். மோட்டார், சென்சர் எல்லாம் வந்தது. அதுக்கு அடியில இருக்கிற உயிரியலை இங்க எழுதுறன். அது விளங்கினாத்தான் அந்தக் கையும் விளங்கும்.

நரம்பு ஒரு கேபிள் மாதிரி

உள்ளுக்குள்ள ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். ஒவ்வொரு இழையும் ஒரு நரம்புக் கலத்தின் நீட்டம். அந்தக் கலம் இருக்கிறது முள்ளந்தண்டுப் பக்கம். அதால நரம்பை வெட்டினா, வெட்டுக்கு அங்கால உள்ள பகுதிதான் அழியும். 1850இல் அகஸ்டஸ் வாலர் இதைத் தவளையின் நாக்கு நரம்புகளில் காட்டினார். இங்கால உள்ள பகுதி உயிரோட இருக்கும். திரும்ப வளரவும் தொடங்கும், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர்.

வெட்டின ரெண்டு முனையையும் சேர்த்துத் தைச்சா, அங்கால இருக்கிற ஷ்வான் கலங்கள் வரிசையா நிண்டு இழைகளுக்கு வழி காட்டும். ஆனா காலே துண்டிக்கப்பட்டா அங்கால ஒண்டும் இல்லை. இழைகள் போக இடமில்லாமல் ஒண்டோட ஒண்டு சிக்குப்பட்டு, தழும்போட சேர்ந்து முடிச்சாகிடும். இதுதான் நியூரோமா. இது புற்றுநோய் இல்லை. ஹேர்னியா மாதிரியான சத்திரசிகிச்சையில் சின்ன நரம்பு வெட்டுப்பட்டாலும் வரலாம்.

ஏன் நோகுது?

எல்லா நியூரோமாவும் நோகாது. நோகிறதுகளில், இழைகளின் முனையில் சோடியம் சனல்கள் குவிஞ்சிருக்கும். ஆரும் தொடாமலே சிக்னல் போகும். மெல்லத் தட்டினாலே கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். மூளைக்கு அந்த வயர் இப்பவும் 'பெருவிரல்' தான். அதால இல்லாத பெருவிரல் நோகும்.

என்ர சித்தப்பா வன்னியில் மிதிவெடியில் கால் இழந்தவர். செயற்கைக் கால் ஒரு இடத்தில பட்டாத் துடிச்சுப் போவார். "இல்லாத கால் எப்பிடி நோகும்? எல்லாம் மனசு" எண்டு சொந்தக்காரர் சொல்லுவினம். கன வருசத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் அந்த இடத்தில விறைப்பூசி போட்டுப் பார்த்தார். நோ நிண்டது. ஊசி விறைப்பு விட்டதும் திரும்ப வந்தது. அப்பத்தான் வீட்டில எல்லாரும் நம்பிச்சினம். இல்லாத அவயவத்தின் நோ எல்லாத்துக்கும் நியூரோமா காரணம் இல்லை, மூளையில் நடக்கிற மாற்றமும் இருக்கு. ஆனா இது சோதிச்சுப் பார்க்கக்கூடிய ஒண்டு.

நரம்புக்கு ஒரு வேலை குடுங்கோ

முடிச்சை வெட்டி எடுத்தா? நரம்பு திரும்ப வளரும், முடிச்சும் திரும்ப வரலாம். இங்கதான் எங்கட பயோனிக் கை வருது.

2002இல் சிகாகோவில் டொட் குய்க்கன், கிரெகரி டுமேனியன் குழு, மின்விபத்தில் ரெண்டு கையையும் இழந்த ஜெஸி சலிவனின் கை நரம்புகளை நெஞ்சுத் தசைகளோட இணைச்சது. "கையை மூடு" எண்டு அவர் நினைச்சா நெஞ்சுத் தசை சுருங்கும். அந்தச் சிக்னலை எலெக்ட்ரோட் பிடிச்சு மோட்டாருக்கு அனுப்பும்.

நோக்கம் கையை இயக்கிறதுதான். ஆனா இன்னொரு பலனும் தெரிஞ்சது. போக ஒரு இடமும் செய்ய ஒரு வேலையும் கிடைச்ச நரம்பு, நோகிற முடிச்சாகிறது குறைவு. 2019இல் வெளியான 28 பேரின் ஒப்பீட்டு ஆய்வில், பழைய முறையை விட இதில் இல்லாத அவயவத்தின் நோ கூடக் குறைஞ்சது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போல் செடெர்னா குழு, நரம்பு முனையைச் சின்னத் தசைத் துண்டால் சுத்திவிடுற முறையை உருவாக்கினது. இப்ப சில இடங்களில், துண்டிக்கிற அண்டைக்கே இதையும் சேர்த்துச் செய்யினம்.

எங்கட வீடுகளில் போரில் கை, கால் இழந்த ஆக்கள் கன பேர். அவையிட்ட மூண்டு கேள்வி கேளுங்கோ: நோ ஒரே இடத்திலயா? தட்டினாக் கரண்ட் மாதிரி ஓடுதா? விறைப்பூசி போட்டு ஆரும் சோதிச்சவையா? பதிலை எழுதிக்கொண்டு அவையோட டொக்டரிட்ட போங்கோ. தமிழில் சொல்லுற நோவை அங்க மொழிபெயர்க்கப் போறது நீங்கள்தான்.