வீணைக்கு கான்டாக்ட் மைக் ஒட்டும்போது

வீணை கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் ‘கூ’வென்று ஊளையிடுகிறதா?

1. குடத்தின் மேற்பலகையைக் காய்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மைக் நழுவும்.

2. முதலில் தற்காலிகமாக ஒட்டி, மந்தரத்திலும் மேல் ஸ்தாயியிலும் வாசித்துப் பாருங்கள். குதிரையை ஒட்டினாற்போல் வைத்தால் மீட்டு காதில் குத்தும். விரற்கடை தள்ளினால் நாதம் உருண்டு வரலாம். வீணைக்கு வீணை இடம் மாறும். பாதி வேலை இதுதான், அவசரம் வேண்டாம்.

3. ஒயரைத் தளர்வாக விட்டு டேப் போடுங்கள். புடவை உரசல்கூட ஸ்பீக்கரில் கேட்கும்.

4. பியஸோ மைக் என்றால் நடுவே ப்ரீஆம்ப் அவசியம். நேரே மிக்ஸரில் செருகினால் ஒலி தகரமாகும்.

5. மானிட்டரைக் குடத்துக்கு நேரே வைக்காதீர்கள். ஊளை பெரும்பாலும் அங்கிருந்துதான்.

6. மெல்லக் கழற்றுங்கள், வெடுக்கென்று இழுத்தால் வார்னிஷும் வந்துவிடும்.