கானமயில் எங்கே போனது?

மயிலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மைசூரில் இருப்பவர்கள் காரஞ்சி ஏரிப் பூங்காவுக்குப் போனால் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். மயில் நம் நாட்டின் தேசியப் பறவை. 1963-ஆம் ஆண்டு அதைத் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்போது வேறொரு பறவையின் பெயரும் பேசப்பட்டது. அந்தப் பறவையின் பெயர் கானமயில். அதைத்தான் தேசியப் பறவை ஆக்க வேண்டும் என்று சொன்னவர் சலீம் அலி. பறவைகளைப் பற்றி ஆராய்ந்த பெரிய அறிஞர் அவர். பழைய மைசூர் ராஜ்யம் முழுவதும் சுற்றி, எந்த ஊரில் என்ன பறவை இருக்கிறது என்று கணக்கெடுத்து, 1940-களின் தொடக்கத்தில் எழுதி வெளியிட்டவரும் அவர்தான்.

மயில் ஜெயித்தது. கானமயில் தோற்றது. தோற்றதோடு போகவில்லை. இன்று அந்தப் பறவையே இல்லாமல் போகும் நிலை வந்துவிட்டது. மைசூர் மிருகக்காட்சி சாலை 1892-இல் தொடங்கிய பழைய சாலை. புலி, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அங்கே உண்டு. கானமயில் அங்கேயும் கிடையாது.

இது என்ன பறவை?

பெயரில் மயில் இருக்கிறது. ஆனால் இது மயில் அல்ல. இதற்குத் தோகை கிடையாது. தூரத்தில் இருந்து பார்த்தால் சின்ன நெருப்புக்கோழி மாதிரி இருக்கும். உயரம் மூன்றடிக்கு மேல். முதுகு மண் நிறம். நீண்ட கழுத்து வெளுப்பாக இருக்கும். தலையில் கறுப்புத் தொப்பி வைத்தது போல ஓர் அடையாளம்.

எடை எவ்வளவு தெரியுமா? நம் வீட்டு கேஸ் சிலிண்டரில் 14 கிலோ கேஸ் இருக்கிறது அல்லவா? நன்றாக வளர்ந்த ஆண் கானமயில் அந்த எடைக்கு வரும். பெட்டைக்கு அதில் பாதிகூட இருக்காது. இவ்வளவு எடையோடு பறக்கிற பறவைகள் உலகத்தில் சிலதான் இருக்கின்றன. சிறகை விரித்தால் ஏழு, எட்டு அடி அகலம்.

பெரும்பாலான பறவைகளுக்குக் காலில் பின்பக்கம் ஒரு விரல் இருக்கும். கிளையைப் பிடித்து உட்கார அந்த விரல் வேண்டும். கானமயிலுக்கு அது இல்லை. முன்னால் மூன்று விரல் மட்டும்தான். அதனால் மரத்தில் உட்கார முடியாது. நடப்பது, மேய்வது, தூங்குவது, முட்டை இடுவது எல்லாம் தரையில்தான். அதற்கு வேண்டியது திறந்த புல்வெளி. சுற்றிலும் பார்வை போக வேண்டும்.

வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, ஓணான், இலந்தைப்பழம், புல்விதை, நிலக்கடலை எல்லாம் தின்னும். வெட்டுக்கிளி என்றால் அதற்கு உயிர். பயிரைத் தின்கிற வெட்டுக்கிளியை அது தின்றது. அந்த வகையில் விவசாயிக்கு அது உதவிதான்.

ஊருக்கு ஒரு பெயர் இதற்கு உண்டு. ராஜஸ்தானில் கோடாவண். மராட்டியில் மாள்டோக். தெலுங்கில் பட்டமேக்க பிட்ட. மேக்க என்றால் ஆடு, பிட்ட என்றால் பறவை. கன்னடத்தில் எரெபூத என்பார்கள். எரெ என்றால் கரிசல் மண். கரிசல் காட்டில் ஆள் உயரத்துக்கு ஏதோ நிற்கிறதே என்று பார்த்தவர்கள் பூதம் என்று பெயர் வைத்தார்கள் போலிருக்கிறது!

ஒரே ஒரு முட்டை

நாட்டுக்கோழி ஒரு முறைக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை இடும். கானமயில் எத்தனை இடும்? பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதுவும் வருடத்துக்கு ஒரு முறை. சில வருடம் அதுவும் இல்லை.

மழைக்காலத்தில் ஆண் பறவை மேடான இடத்தில் வந்து நிற்கும். தொண்டைப் பையைக் காற்றால் நிரப்பிக்கொண்டு தொங்கவிடும். வாலைத் தூக்கி முதுகோடு சேர்த்துக்கொள்ளும். பிறகு கனத்த குரலில் முழங்கும். அந்தச் சத்தம் அரை கிலோமீட்டர் தூரம் கேட்கும். பெட்டை வந்து சேரும். அதோடு ஆணின் வேலை முடிந்தது. அடைகாப்பது, குஞ்சை வளர்ப்பது எல்லாம் பெட்டையின் பொறுப்பு. (இதைப் படிக்கும் பெண்கள் சிரிக்கக்கூடும்!)

கூடு கட்டாது. வெறும் தரையில் முட்டை கிடக்கும். சுமார் 27 நாள் அடைகாக்க வேண்டும். இந்த 27 நாளில் நாய் வரலாம். நரி வரலாம். காக்கை வரலாம். மாட்டின் கால் படலாம். டிராக்டர் ஏறலாம். முட்டை போனால் அந்த வருடம் போன மாதிரிதான்.

அதனால்தான் இந்தப் பறவை ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் ஆகிறது.

துப்பாக்கி

முன்பு கானமயில் நிறைய இருந்தது. பஞ்சாபில் இருந்து தமிழ்நாடு வரை பல இடங்களில் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் இதைக் கறிக்காகவும் விளையாட்டுக்காகவும் சுட்டார்கள். மகாராஷ்டிரத்தில் அகமதுநகர்ப் பக்கம் மான்ஸ்ஃபீல்டு என்ற ஒரே வெள்ளைக்காரர் 1809 முதல் 1829 வரை 961 கானமயில்களைச் சுட்டதாகக் கணக்கு இருக்கிறது. ஒரே ஆள்!

சுதந்திரத்துக்குப் பிறகு ஜீப் வந்தது. ஜீப்பில் துரத்திச் சுடுவது இன்னும் சுலபமாகிவிட்டது. 1969-இல் நாட்டில் சுமார் 1,260 கானமயில்கள் மிஞ்சியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கானமயிலைக் கொல்வது பெரிய குற்றம் ஆனது. வேட்டை குறைந்தது.

ஆனால் எண்ணிக்கை கூடவில்லை. 2008 வாக்கில் சுமார் 300. 2018 வாக்கில் சுமார் 150. அதில் பெரும்பகுதி ராஜஸ்தானில், ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவனத்தில்.

சட்டம் வந்த பிறகும் ஏன் குறைந்தது?

தரிசு என்ற வார்த்தை

நம் சர்க்காரின் நிலக் கணக்கில் நஞ்சை உண்டு, புஞ்சை உண்டு. தரிசு என்றும் ஒன்று உண்டு. புல் மட்டும் முளைக்கும் நிலத்தைத் தரிசு என்று எழுதிவிடுகிறார்கள். தரிசு என்றால் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று பொருள் ஆகிவிடுகிறது. உதவாத நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா?

ஆனால் ஆடு மேய்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அது தரிசு என்று சொல்வாரா? தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதற்கு மேய்க்கால் புறம்போக்கு என்று பெயர். கர்நாடகத்தில் கோமாளா என்பார்கள்.

பழைய மைசூர் ராஜ்யத்தில் காவல் என்றும் உண்டு. காவல் என்றால் மாட்டுக்காக ஒதுக்கிய புல்வெளி. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அரண்மனை மாடுகளுக்காக இவை ஏற்பட்டன. பிறகு ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அதே மாடுகளைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தினார்கள். அம்ருத் மஹல் மாடு என்று இன்றும் பெயர் சொல்கிறோமே, அந்த மாடுகள்தான். அவற்றுக்காக லட்சக்கணக்கான ஏக்கர் புல்வெளி இருந்தது. அங்கே வெளிமானும் மேய்ந்தது. கானமயிலும், அதன் சின்ன உறவான வரகுக்கோழியும் கூட இருந்தன. மாட்டுக்காகக் காப்பாற்றிய புல் பறவையையும் காப்பாற்றியது.

அந்தக் காவல்களில் பெரும்பகுதி இப்போது இல்லை. வயலாகவும் வீட்டு மனையாகவும் தொழிற்சாலையாகவும் மாறிவிட்டன. சித்ரதுர்கா மாவட்டம் செள்ளகெரே பக்கத்தில் சுமார் 10,000 ஏக்கர் காவல் நிலம் 2008 முதல் பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளித் துறை நிறுவனங்களுக்கும் வேறு சிலவற்றுக்கும் கொடுக்கப்பட்டது. ஆடு மாடு வைத்திருந்த மக்கள் போராடினார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவர்கள் பறவைக்காகப் போராடவில்லை. தங்கள் கால்நடைக்காகப் போராடினார்கள். ஆனால் இரண்டும் ஒரே புல்தான்.

இன்னொரு விஷயமும் நடந்தது. இதுதான் வேடிக்கை. நல்லது செய்வதாக நினைத்தே புல்வெளியை அழித்தார்கள். மரம் நட்டார்கள்! ஹாவேரி மாவட்டத்தில் ராணிபென்னூர் சரணாலயம் இருக்கிறது. வெளிமானுக்காக 1974-இல் ஏற்பட்டது. அங்கே கானமயிலும் இருந்தது. ஆனால் அந்த இடத்தின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ், அதாவது தைல மரம், வளர்ந்து நிற்கிறது. மரம் நடுவது நல்லதுதானே என்று நாம் படித்திருக்கிறோம். மரம் உட்காரத் தெரியாத பறவைக்கு, நாலு பக்கமும் பார்த்து நடக்கிற பறவைக்கு, அந்தத் தோப்பு என்ன செய்யும்? கானமயில் அங்கிருந்து போய்விட்டது.

இன்று கர்நாடகத்தில் கானமயில் கண்ணில் படுகிற இடம் பல்லாரி மாவட்டம் சிருகுப்பா. கரிசல் மண். சோளமும் கடலையும் மானாவாரியாக விளைந்த பூமி. துங்கபத்திரைக் கால்வாய் வந்த பிறகு நெல் விளைகிறது. விவசாயிக்கு நல்ல காலம்தான். பறவைக்கு இடம் சுருங்கியது. அங்கே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான்.

ஆட்டுக்காரர் கேட்கும் கேள்வி

“பறவைக்காக நிலத்தை வேலி போட்டு மூடிவிட்டால் என் ஆடு எங்கே போகும்?” ஆட்டுக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்வி.

மத்தியப் பிரதேசத்தில் கரேரா என்ற இடத்தில் 1981-இல் கானமயில் சரணாலயம் அமைத்தார்கள். உள்ளே பல கிராமங்கள் இருந்தன. விவசாயிகளால் தங்கள் நிலத்தை விற்க முடியவில்லை. வெளிமான் பெருகிப் பயிரை மேய்ந்தது. மக்களுக்குச் சரணாலயத்தின் மேல் கோபம் வந்தது. சில வருடங்களில் கானமயில் அங்கே அடியோடு மறைந்தது. பறவை போன பிறகும் தடை மட்டும் பல வருடம் நின்றது!

மகாராஷ்டிரத்தில் 1979-இல் சோலாப்பூர்ப் பக்கம் 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். ஊர், ரோடு, சந்தை எல்லாம் அதற்குள் வந்தன. எப்படி நடத்துவது? பிறகு அதைச் சுமார் 1,200 சதுர கிலோமீட்டராகக் குறைத்தார்கள்.

ஆடு மேய்ந்தாலே பறவை போய்விடும் என்பதில்லை. அளவாக மேய்ந்த புல்லில் கானமயில் நன்றாகவே நடமாடும். முட்டை இடும் மாதங்களில் மட்டும் அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும். அதை மேய்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். ராஜஸ்தானில் பிஷ்னோய் மக்கள் எந்தச் சட்டமும் இல்லாத காலத்திலேயே மானையும் பறவையையும் கொல்லாமல் காத்தவர்கள்.

மின்கம்பி

இப்போது கானமயிலுக்குப் பெரிய எமன் மின்கம்பி.

கானமயிலின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். நேர் எதிரே சரியாகத் தெரியாது. பறக்கும்போது கம்பி தெரிவதற்குள் பக்கத்தில் வந்துவிடும். உடம்பு கனம். சட்டென்று திரும்ப முடியாது. மோதி விழும்.

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் ராஜஸ்தானில் ஆராய்ந்தது. சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் எல்லாப் பறவையும் சேர்த்து வருடத்துக்கு 84,000 பறவைகள் கம்பியால் சாகலாம் என்று மதிப்பிட்டது. அதில் கானமயில் 18. மொத்தமே சுமார் 150 இருக்கும்போது வருடம் 18 போனால் என்ன மிஞ்சும்?

ஆனால் அந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது? சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிற நிலையங்களில் இருந்து. அது புகை இல்லாத மின்சாரம். நம் வீட்டு விளக்குக்கும் அது வேண்டும். இங்கேதான் சிக்கல்.

ரஞ்சித்சிங் என்பவர் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1972 சட்டத்தை உருவாக்கியதில் முக்கியமானவர். அவரும் சிலரும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2021 ஏப்ரலில் நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பியைப் பூமிக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்றது. பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பூமிக்குள் கம்பி போட முடியாது, செலவும் தாங்காது என்று அரசு சொன்னது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவை மாற்றி, எங்கே எப்படிச் செய்யலாம் என்று பார்க்க நிபுணர் குழுவை வைத்தது. பல கம்பிகளில் இப்போது சின்னத் தகடுகளைத் தொங்கவிடுகிறார்கள். காற்றில் அவை சுழன்று மின்னும். அதைப் பார்த்துப் பறவை விலகும் என்பது ஏற்பாடு. எல்லாப் பறவையும் விலகுவதில்லை.

முட்டையைப் பொறிக்க வைத்தார்கள்

2018-இல் மத்திய அரசும் ராஜஸ்தான் அரசும் வனவிலங்கு நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2019-இல் காட்டில் கிடந்த முட்டைகளைப் பத்திரமாக எடுத்து வந்தார்கள். ஜெய்சல்மேர் அருகே சாம் என்ற ஊரில் இயந்திரத்தில் வைத்துப் பொறிக்க வைத்தார்கள். குஞ்சுகளை ஆட்கள் கையால் ஊட்டி வளர்த்தார்கள். அபுதாபியில் இதே மாதிரி வேறொரு பறவையை வளர்த்துப் பழகியவர்கள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்தன. 2023-இல் அவற்றுக்கே குஞ்சு பிறந்தது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் முறையில் ஒரு குஞ்சு பொறித்தது. நம் பசுமாட்டுக்கு ஊசி போடுகிறோமே, ஏறக்குறைய அந்த முறைதான். 2025-இல் சாம், ராம்தேவ்ரா என்ற இரண்டு மையங்களிலும் சேர்த்து 60-க்கும் மேற்பட்ட கானமயில்கள் இருந்தன.

கூண்டில் பிறந்தவை காட்டில் பிழைக்குமா? இரை தேட வேண்டும். நாயைக் கண்டால் பயப்பட வேண்டும். மனிதர் கையில் தின்று வளர்ந்ததற்கு அதெல்லாம் பழக்க வேண்டும். பழக்கிவிட்டாலும், விடுவதற்குப் புல்வெளி வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் சொந்த ஊரில் மேய்ச்சல் நிலம் எங்கே இருந்தது? அதற்கு என்ன பெயர் சொல்வார்கள்? உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் அது எத்தனை ஏக்கர், இன்று எத்தனை? ஊரில் வயதானவர்களைக் கேட்டு உங்கள் நோட்டில் எழுதுங்கள். அங்கே அவர்கள் பார்த்து, நீங்கள் பார்க்காத பறவை ஏதாவது இருந்தால் அதன் பெயரையும் எழுதுங்கள்.