சாம்பல் மேடும் கொள்ளுக் காடும்

கர்நாடகத்தில் பெல்லாரி என்ற ஊர் உள்ளது. அதைச் சுற்றிப் பல இடங்களில் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. ஹம்பிக்கு அருகே உள்ள ஒரு மேட்டை, வாலியை எரித்த சாம்பல் என்று ஊர் மக்கள் சொல்வார்கள். அறிஞர்கள் இந்த மேடுகளை ஆராய்ந்தார்கள். எல்லாம் மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல்!

இன்றைய தெலங்கானாவில் உட்னூர் என்ற இடத்திலும் இப்படி ஒரு மேடு உண்டு. 1957-இல் ஆல்ச்சின் என்ற ஆங்கிலேய அறிஞர் அதைத் தோண்டினார். உள்ளே மாட்டுக் குளம்புகளின் தடம் பதிந்திருந்தது. சுற்றிலும் கம்பம் நட்ட குழிகள் இருந்தன. ஆம், அது மாட்டுப் பட்டி. சுமார் 5000 ஆண்டுகளுக்கு முந்தியது.

அதற்கும் முன்னால் மக்கள் வேட்டையாடினார்கள். கிழங்கு தோண்டினார்கள். புல்லரிசி சேர்த்தார்கள். ஓரிடத்தில் உணவு குறைந்தால் வேறிடம் போனார்கள். பிறகு மாடு வளர்த்தார்கள். மெல்ல மெல்லப் பயிரும் வைத்தார்கள். சிறுதானியம், பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவை அவர்களின் பயிர்கள்.

கொள்ளின் கதையைப் பாருங்கள். காட்டுக் கொள்ளுக்குத் தோல் தடிப்பு. மழை பெய்தாலும் உடனே முளைக்காது. சில விதைகளுக்கு மட்டும் தோல் சற்று மெல்லியது. விதைத்தவுடன் அவைதான் முளைத்தன. முளைத்ததைத்தானே அறுக்க முடியும்? அறுத்ததையே மறுபடியும் விதைத்தார்கள். பல நூறு ஆண்டுகள் இப்படியே நடந்தது. கொள்ளின் தோல் மெலிந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்த வேலை அல்ல இது.

விதைத்துவிட்டு ஊரைவிட்டுப் போக முடியுமா? மான் மேய்ந்துவிடும். கிளி கொத்திவிடும். காவல் வேண்டும். அறுத்ததைச் சேர்த்து வைக்க இடமும் வேண்டும். பெல்லாரி அருகே சங்கனகல்லு குன்றின்மேல் மக்கள் குடிசை போட்டுத் தங்கினார்கள். அங்கே கல்லைத் தேய்த்துக் கோடரி செய்தார்கள். தானியம் அரைத்து அரைத்துப் பாறைகளே குழிந்துவிட்டன. உழவு வந்ததும் வேலை குறையவில்லை, கூடியது.

வேட்டைக்காரருக்கு ஒரு காடு பொய்த்தால் இன்னொரு காடு. உழவருக்கு மழை பொய்த்தால் என்ன செய்வது? அதனால் அவர்கள் வேட்டையை உடனே விட்டுவிடவில்லை. மாட்டு எலும்புகளோடு காட்டு விலங்குகளின் எலும்புகளும் அந்த ஊர்களில் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் அருகே பையம்பள்ளி இருக்கிறது. அங்கும் 1960-களில் தோண்டிப் பார்த்தார்கள். கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. தீயில் கருகியதால்தான் அவை மண்ணில் மக்காமல் தப்பின.