உப்புத் தண்ணீரும் வாட்டர் சாப்ட்னரும்

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிகிறது, ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் பொருக்கு படிகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் அடிக்கடி சொல்கிறார்கள். தண்ணீரில் கலந்துள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் காரணம். குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆகவே கருவி வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்வோம்.

சாப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி வேலை செய்யும். சோப்பு மிச்சமாகும், ஹீட்டரும் வாஷிங் மெஷினும் கூடுதல் காலம் உழைக்கும்.

ஆனால் கரிப்பு போகாது. போகும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் குழாயைக் கருவியில் சேர்க்காமல் தனியே விடும்படி பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள்.